பஞ்சு ரூமுக்குப் பின்கதவு இல்லை

போடிநாயக்கனூர் பூந்துயில் மெத்தை கம்பெனியின் மெத்தைகளில் படுத்தவர்களுக்கெல்லாம், அவற்றைத் தைத்த பெண்களின் கவலைகள் கனவாக வரத் தொடங்கியது ஒரு வைகாசி மாதத்தில். தாய்மாமன்கள் சீருக்கு வாங்கிய மெத்தைகள் டெம்போவிலும் பஸ்ஸின் மேலேயும் ஏறி எட்டு மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த வாரம் அது. முதல் போன் அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது. கல்யாணமாகி நாலே நாளான ஒரு மாப்பிள்ளை பேசினார். தனக்கு ஆடு மாடு எதுவும் கிடையாது என்றும், ஆனால் மூன்று நாளாகத் தன்னுடைய ஆடு ஒன்று சினையாக இருந்து, அது நல்லபடியாகக் குட்டி போடுமா என்று தூக்கத்தில் தான் கலங்கிக்கொண்டிருப்பதாகவும், பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணுக்கும் அதே ஆடு, அதே கலக்கம்தான் என்றும் கூச்சத்தோடு சொல்லிவிட்டு, மெத்தைக்கு வாரண்டி உண்டா என்று கேட்டார். போனை எடுத்த மேலாளர் சுருளிவேல், இருபத்திரண்டு வருஷமாக எல்லாப் புகாருக்கும் சொல்லிவந்த பதிலைச் சொன்னார்.

"புது மெத்தைல்ல? பழகப் பழகச் சரியாயிரும்."

சரியாகவில்லை. திருச்சுழியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்கத் தூக்கத்திலேயே ஓடி, கட்டிலிலிருந்து விழுந்தார். கும்பகோணத்தில் ஒரு டாக்டர், நல்ல கான்கிரீட் வீட்டுக்காரர், ஒழுகுகிற தகரக் கூரைக்குப் பாத்திரம் வைக்க எழுந்து எழுந்து ஓய்ந்துபோனார். சுருளிவேல் தையல் கூடத்தில் போய் விசாரித்தபோது ஆடு ஒச்சம்மாவுடையது, பஸ் பாண்டீஸ்வரியுடையது, கூரை இரண்டு மூன்று பேருக்குப் பொது என்று தெரிந்தது. எட்டு வருஷமாக அங்கே தைத்தும் பஞ்சு பிரித்தும் வரும் ஒச்சம்மா ஊசியை நிறுத்தாமலே, "என் ஆட்டைப் பத்தி இம்புட்டுப் பேரு கவலைப்படுறாகளா? என் மாமியா கூட ஒரு வார்த்தை கேக்கலையே சார்" என்றாள்.

ஜனங்கள் ஒரு வாரம் பயந்தார்கள், ஒரு வாரம் பேசினார்கள், மூன்றாம் வாரம் பழகிக்கொண்டார்கள். ஆடு இரண்டு குட்டி போட்ட செய்தியை அருப்புக்கோட்டைக்குச் சொன்னதும் மாப்பிள்ளை தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். கும்பகோணத்து டாக்டர் தாங்க முடியாமல் ஒரு வண்டி தகரம் அனுப்பிவைத்தார். ஊரான் கவலையைப் படுத்துக்கொண்டே அனுபவிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது; தன் கவலை அந்த நேரத்துக்கு வாசலுக்கு வெளியே நிற்கிறதல்லவா? மெத்தை முன்னைவிட அதிகமாக விற்றது. முதலாளி தனுஷ்கோடி வாசல் பலகையை மாற்றி, 'உயிருள்ள மெத்தை' என்று எழுதச் சொல்லி, அதற்குக் கீழே ஒரு ஆட்டுப் படமும் போட்டார். சுருளிவேலுக்கு மட்டும் ஒரு கனவும் வரவில்லை. இடுப்பு வலிக்காரரான அவர், மெத்தை கம்பெனியின் மேலாளராக இருந்துகொண்டு, வீட்டில் கோரைப்பாயில் படுக்கிறவர்.

ஆவணி பிறந்ததும் ஆடுகள் போயின, பஸ் போயிற்று, கூரையும் போயிற்று. யார் தைத்த மெத்தையாக இருந்தாலும், எந்த ஊரில் விரித்தாலும், ஒரே ஒரு கனவுதான் வந்தது.

வேதாரண்யத்திலிருந்து பேசிய ஒரு அம்மாள் அதை மூச்சு வாங்கச் சொன்னார். வெள்ளையாகப் பஞ்சு பறக்கிற ஒரு அறையாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இலவங்காயைப் பிளந்து பஞ்சைப் பிரித்துக்கொண்டிருக்கிறாராம். எங்கோ லேசாகப் பொசுங்குகிற வாடை வருகிறதாம், நிஜமா பிரமையா என்று தெரியவில்லையாம். முன்வாசலில் மூட்டைகள் அடைத்துக் கிடக்க, பின்கதவுக்கு ஓடித் தள்ளினால் அது வெளியே பூட்டியிருக்கிறதாம். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால், இடுப்பில் சாவிக்கொத்து ஆட, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு ஒரு ஆள் போகிறாராம். அண்ணே, அண்ணே என்று தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவர் திரும்பவே இல்லையாம்.

"வலது தோள் கொஞ்சம் இறங்கினாப்ல இருக்கும்" என்றார் அந்த அம்மாள். "பொடனியில ஒரு பாலுண்ணி. யாரு சார் அந்த ஆளு?"

சுருளிவேல் தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கதவை அவருக்குத் தெரியும். பஞ்சு ரூமின் பின்கதவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று மூட்டைப் பஞ்சு காணாமல் போனபோது, பெண்கள் அந்த வழியாகத்தான் கடத்துகிறார்கள் என்று முதலாளி சந்தேகப்பட்டு, பூட்டச் சொன்னார், சுருளிவேல் பூட்டினார். மூட்டைகள் அடுத்த வாரமே லாரி செட்டில் கிடைத்துவிட்டன. பூட்டு அப்படியே இருந்துவிட்டது, ஏனென்றால் பூட்டச் சொன்னவர் திறக்கச் சொல்லவில்லை, திறக்கச் சொல்லாததை இவர் கேட்கவும் இல்லை. இலவம்பஞ்சோ தீக்குச்சி என்ற பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொள்ளும் சாதி. பெண்கள் முதலில் மாதம் ஒரு தரம் கேட்டார்கள். "சாவி என் இடுப்புலதானம்மா இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒரு நிமிசத்துல வந்து திறந்துற மாட்டனா?" என்று அவரும் மாதம் ஒரு தரம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே அதை முழுசாக நம்பினார். பிறகு பெண்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் சுருளிவேலுக்குத் தன் முதுகை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. எட்டு மாவட்டத்து ஜனம் அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ என்று போகும். முதுகைப் பார்த்தால் நின்றுவிடும். தேனி பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குடும்பமே கிசுகிசுத்தது. அவர் சத்தம் கேட்டுத் திரும்பியதும் அந்த வீட்டுக்காரர் கண்கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, திரும்பிட்டீங்களாண்ணே!" என்று சந்தோஷப்பட்டார். யாரும் அவரை வையவில்லை. வைதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. சலூனில் இரண்டாவது கண்ணாடியைப் பின்னால் பிடிக்கச் சொல்லி, ஐம்பத்தொரு வயசில் முதன்முறையாகத் தன் முதுகை நிதானமாகப் பார்த்தார். நல்ல மனுஷன் முதுகு மாதிரிதான் தெரிந்தது. அன்றிலிருந்து கோயிலில் தூணில் சாய்ந்தும், கல்யாண வீட்டில் கடைசி வரிசைச் சுவரில் ஒட்டியும் நின்றார்.

ஆர்டர்கள் ரத்தாகத் தொடங்கியதும் தனுஷ்கோடி முதலாளி சென்னையிலிருந்து ஸ்ரீவத்சன் என்பவரை வரவழைத்தார். கம்பெனிகளுக்கு ஆபத்து வந்தால் பேர் கெடாமல் காப்பாற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். நாற்பது கம்பெனிகளைக் காப்பாற்றியிருப்பதாகச் சொன்னார். எதிலிருந்து காப்பாற்றினார் என்று யாரும் கேட்கவில்லை.

"கனவு பிரச்சினை இல்லை சார், சோர்ஸ்தான் பிரச்சினை" என்றார். "இந்தக் கனவு யாருடையதுன்னு கண்டுபிடிச்சு, அவங்களை மட்டும் கௌரவமா அனுப்பிட்டா முடிஞ்சது."

பெண்களை வரிசையாக நிறுத்தி, இந்தக் கதவுக் கனவு யாருக்கு வருகிறது என்று கேட்டார்கள். ஒச்சம்மாதான் கடைசியில், "கனவு வரணும்னா தூக்கம் வரணும்ல சார்? எங்களுக்கு அந்த ரூமை நெனச்சாத் தூக்கமே வர்றதில்லை. வர வேண்டிய கனவு எங்கிட்டுப் போகும்? அதேன் மெத்தைக்குப் போயிருச்சு போல" என்றாள். ஸ்ரீவத்சன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சின்னமனூர்ப் பக்கமிருந்து சிரித்த முகமுள்ள பத்துப் பெண்களாகப் பார்த்துப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் முதல் நாள் தைத்த மெத்தையில் படுத்தவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையும் திருவிழாவும் கனவில் வந்தன. இரண்டாம் நாள் அந்தப் பத்துப் பேரையும் பஞ்சு ரூமுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மெத்தையில் கதவு வந்துவிட்டது, அதுவும் முன்னைவிடத் தெளிவாக, தாழ்ப்பாளின் துரு வரைக்கும்.

அப்போதுதான் பேப்பரில் அறிவிப்புக் கொடுக்க முடிவானது. 'சில விஷமிகள் பரப்பிவரும் கனவை நம்ப வேண்டாம். எங்கள் தொழிற்சாலையின் பஞ்சு ரூமுக்குப் பின்கதவு என்று ஒன்று இல்லவே இல்லை.' சுருளிவேல் கையால்தான் அந்த வாசகம் எழுதப்பட்டது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று முதலாளி அவரிடம் கொடுத்திருந்தார். எழுதும்போது 'இல்லவே' என்ற இடத்தில் பேனா நின்றது. உதறிவிட்டு எழுதினார்.

மறுநாள் டீக்கடைகளில் அதை வாசித்தவர்கள் சிரித்த சிரிப்பு கொட்டகுடி ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. "அப்ப ராவெல்லாம் எந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிக் கெடக்கேன்?" என்றார் ஒரு லாரி டிரைவர். ஜனங்கள் உதவி செய்ய முன்வந்தார்கள். ஒருவேளை முதலாளிக்கு இடம் தெரியாதோ என்று, கதவு எங்கே இருக்கிறது, எத்தனை பலகை, எந்தப் பலகையில் விரிசல் என்று கார்டில் படம் வரைந்து அனுப்பினார்கள். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் பிள்ளைகளுக்கு அதையே பரீட்சைக்குக் கொடுத்தார். எழுநூறு படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கதவு ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் ஒரு முதுகு. சுருளிவேல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றாக மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்த அன்று, ஸ்ரீவத்சன் ரொம்ப எளிமையான யோசனை ஒன்று சொன்னார். "இல்லைனு சொல்லிட்டோம். அப்ப இல்லாம இருக்கணும், அவ்வளவுதான் சார்." கதவை அடைத்துச் சுவர் எழுப்பிவிட வேண்டும். முதலாளி யோசித்தார், அவர் ஒன்றும் கொடூரமானவர் இல்லை. ஆனால் பேப்பரில் வந்த தன் வார்த்தை பொய்யாகிவிடுமே என்ற வருத்தம் அவருக்குப் பெரிதாக இருந்தது. "சுருளி, நீயே நின்னு பாத்துக்கய்யா" என்றார். சுருளிவேலும் தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷம் ஆட்டிய தலை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மொக்கராசு கொத்தனார் கல்லும் கலவையுமாகப் பின்பக்கம் வந்து சேர்ந்தார். முதலாளியும் ஸ்ரீவத்சனும் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே பதினாலு பெண்கள் வழக்கம்போலப் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் கதவைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரிசல் விட்ட பலகையைத் தொட்டுப் பார்த்தார். போன மாதம் மகள் கல்யாணத்துக்கு அவரும் ஒரு பூந்துயில் மெத்தை வாங்கி, வீட்டில் ஒரு நாள் படுத்துப் பார்த்திருந்தார்.

"ஏண்ணே, இது அந்தக் கதவுல்ல?" என்றார்.

"எந்தக் கதவும் இல்லப்பா. வேலையைப் பாரு" என்றார் முதலாளி.

"பாக்குறேங்க. ஆனா எங்காளுக வழக்கம் ஒண்ணு இருக்கு. நிலையை அடைக்கிறதுக்கு மின்னாடி ஒருக்காத் திறந்து, உள்ள யாராச்சும் இருந்தா வந்துருங்கன்னு மூணு தரம் குரல் குடுக்கணும். இல்லாட்டி கல்லுல கை வைக்க மாட்டோம். பாம்பு, பல்லி, பூனை, எதுக்குமே அப்படித்தேன். ஆளுக இருந்தாச் சொல்லவே வேண்டாம்."

ஸ்ரீவத்சன் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷ வேலைதானே என்றார். முதலாளியும் சரி என்றார். சுருளிவேல் இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து, மூன்றாவது சாவியைப் பார்க்காமலே பிரித்து, பூட்டில் நுழைத்துத் திருப்பினார்.

சாவி திரும்பவில்லை.

இரண்டு மழைக்காலம் அந்தப் பூட்டின் மேலே விழுந்திருந்தது. அவர் ஒரு நாள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை, இடுப்பில் சாவி இருக்கிறது என்பதே போதும் என்று இருந்துவிட்டார். இன்னொரு முறை திருப்பினார். துண்டைச் சுற்றித் திருப்பினார். ஓடிப்போய் மிஷின் ஆயில் கொண்டுவந்து விட்டார், அது துருவைத் தாண்டி உள்ளே போகாமல் கையெல்லாம் வழிந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெண்கள் கதவண்டை வந்துவிட்டார்கள். "தள்ளட்டுமா சார்?" என்று ஒரு குரல் கேட்டது. "தள்ளுங்கம்மா, தள்ளுங்க!" என்று இவர் கத்தினார். அவர்கள் தள்ளினார்கள், இவர் இழுத்தார், கதவு அசையவில்லை. பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தபோது சாவி இரண்டாக முறிந்தது.

அந்த முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுருளிவேல் நின்ற நிலையைப் பார்க்க முதலாளிக்கே பொறுக்கவில்லை, எழுந்து குடையை விட்டு வெளியே வந்தார். பெண்கள் கேட்ட மாதமெல்லாம், ஒரு நிமிசத்துல வந்து திறந்துற மாட்டனா என்று தான் சொன்னதெல்லாம் சுருளிவேலின் காதில் அவருடைய குரலிலேயே கேட்டது. அந்தக் குரல் எவ்வளவு பிரியமாக இருந்தது என்பதுதான் அவரைக் கொன்றது. கொத்தனாரின் சுத்தியலைப் பிடுங்கி அடித்தார். அழுதுகொண்டே அடித்தார். பூட்டு நசுங்கியதே தவிர விடவில்லை. கடைசியில் கொத்தனார் உளியை வைத்துக் கொண்டியைப் பெயர்க்க, இவர் கடப்பாரையால் நெம்ப, முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையின் மறுமுனையைப் பிடிக்க, கதவு ஒரு முனகலோடு வெளிப்பக்கமாகத் திறந்தது. பதினாலு பெண்களும் ஒருவர் மேல் ஒருவராக வெயிலுக்குள் வந்து நின்றார்கள், தலையெல்லாம் பஞ்சாக.

யாரும் நன்றி சொல்லவில்லை. ஒச்சம்மா மூக்குத் துணியை இறக்கிவிட்டு, உள்ளே சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"நாப்பது நிமிசம் சார்" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கொத்தனார் வாசலைப் பார்த்து முறைப்படி மூன்று தரம் குரல் கொடுத்துவிட்டு, கல்லை எடுக்கட்டுமா என்று கேட்டார். முதலாளி பதில் சொல்வதற்குள் சுருளிவேல் கடப்பாரையைக் கீலுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பெண்கள் நாலு பேர் பிடித்தார்கள். கதவை நிலையிலிருந்து கழற்றித் தரையில் படுக்கப் போட்டார்கள்.

ஸ்ரீவத்சன் கைதட்டாத குறைதான். "பிரமாதம் சார்! கதவு இல்லைனுதான சொன்னோம்? இப்ப இல்லை. அறிவிப்பு அட்சரம் பிசகாம உண்மையாயிடுச்சு. இதோட விட்டுடலாம்."

தனுஷ்கோடிக்கும் முகம் மலர்ந்தது. நூறு வழி யோசித்தும் வராத வழி தானாகவே வந்திருக்கிறது.

"விட முடியாது முதலாளி" என்றார் சுருளிவேல். அந்த முற்றத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை, அதனால் குரல் கொஞ்சம் தடுக்கிற்று. "கதவு இருந்துச்சு. ரெண்டு வருசம் பூட்டிக் கெடந்துச்சு. திறக்க நாப்பது நிமிசம் ஆச்சு. இம்புட்டையும் பேப்பர்ல போடணும்."

"நாப்பது நிமிஷம் வேண்டாம்" என்றார் ஸ்ரீவத்சன் அவசரமாக. "அது ஒண்ணு போதும், எல்லாரும் கேஸ் போடுவாங்க."

"அதத்தான் போடணும்."

முதலாளி படுத்துக் கிடந்த கதவையும், அதற்குப் பக்கத்தில் வெயிலில் பஞ்சைத் தட்டிக்கொண்டு நின்ற பெண்களையும், துரு ஒட்டிய தன் உள்ளங்கையையும் பார்த்தார். "பூட்டச் சொன்னது நானாச்சேய்யா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு முதலாளி ஆகிவிட்டார். "போடு. ஆனா உன் பேருல போடு. கம்பெனி தப்பிச்சா நீ இருப்ப, இல்லைன்னா ரெண்டு பேருமே இல்ல, பாத்துக்க."

சுருளிவேல் தன் பெயரிலேயே போட்டார். நல்ல கையெழுத்தில், பேனா எங்கேயும் நிற்காமல் எழுதினார்.

அறிவிப்பு வந்த காலையில் ஒன்பது மணிக்கே போன் அடிக்கத் தொடங்கியது. மதுரைக் கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தார். திண்டுக்கல் கடைக்காரர் பாதியை ரத்து செய்தார். இன்ஸ்பெக்டர் மதியம் வருவதாகச் சொன்னார். பஞ்சு ரூமில் பின்வாசல் வழியாகக் காற்று வந்து பஞ்சை எல்லாம் மூலைக்குத் தள்ளுகிறது என்று பெண்கள் புதிதாக ஒரு குறை சொன்னார்கள், அதற்கு ஒரு கொசுவலை கட்டச் சுருளிவேல் ஏற்பாடு செய்தார். பதினோரு மணிக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பின்னால் கைக்குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அவள் ஆர்டரைப் பற்றியோ வாரண்டியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"திறந்தாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"திறந்தாச்சும்மா."

அவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "நல்லா இருப்பீங்க. யாருங்க திறந்தது?"

சுருளிவேல் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"பூட்டுனவன்தாம்மா" என்றார்.